இரவல் சளி

அந்த வாரம் வீரையாவுக்கு உலகத்தில் வேறெதுவும் தேவைப்படவில்லை. ஒரு ஸ்பூன் சளி போதும். அதுவும் அடுத்தவர் சளி.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கனகமணி சிஸ்டர் மூடி போட்ட சின்ன டப்பாவைக் கையில் கொடுத்தார்.

"ஆறு மாசம் முடிஞ்சுதுங்க. வெள்ளிக்கிழமை காலையில எந்திரிச்சதும் வர்ற முதல் சளியை இதுல புடிச்சுட்டு வாங்க. எச்சில் வேண்டாங்க, சளி. வித்தியாசம் தெரியுமுங்களா?"

"தெரியும் சிஸ்டர். சிலோன்லயும் அது ரெண்டும் வேற வேறதான்."

"தெனமும் மாத்திரை சாப்பிடறீங்கல்லொ?"

"தவறாம."

கனகமணி அட்டையில் கோடு போட்டுக்கொண்டார். கோயமுத்தூர்ப் பெண். பொய்யைக்கூட மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்.

வீரையா சிலோனிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, தேவாலாவுக்கு மேலே புதிதாகப் போட்ட இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த இரண்டாம் மாதமே இரத்தமாகத் துப்பினான். டி.பி. என்றார்கள். பதினெட்டு மாதம் தினமும் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது. முதல் மூன்று மாதம் அவன் விடவில்லை. சாயங்காலக் காய்ச்சல் நின்றது. கழுத்தெலும்புக் குழி மேடேறியது. கொழுந்து மூட்டையோடு மேட்டில் ஏறினால் மூச்சும் கூடவே ஏறி வந்தது. உடம்பு தேறியதும் அறிவும் தேறிவிட்டது, அதுதான் வினை. நோய்தான் போய்விட்டதே, மாத்திரையை எதற்கு வீணாக்குவது? மழைக்காலத்தில் இருமல் வந்தால் வேண்டுமே! சிலோனில் அரிசிக்கும் சீனிக்கும் அரசாங்கம் கொடுத்த ரேஷன் பங்கு கண்ணெதிரே சுருங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். சும்மா கிடைப்பது எந்த நாளும் நின்றுபோகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதாமாதம் வாங்கிவந்து பால்மாவு டின்னில் பத்திரப்படுத்தினான். தேவாலாவில் மழைக்காலம் அல்லாத காலம் எது என்று யோசிக்கவில்லை.

இப்போது எஸ்டேட் கிளார்க் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சளியில் கிருமி இல்லை என்று சீட்டு கொண்டுவந்தால் பேர் பதிவு, நிரந்தர வேலை. இல்லையென்றால் தற்காலிகம்தான். தற்காலிகக்காரனுக்குக் குடியிருக்கிற லயத்து அறையும் தற்காலிகம்.

அவனுக்கு ஒரு வாரமாக விடிகாலையில் லேசாக இருமல் வேறு. யாருக்கும் கேட்காமல் தலையணைக்குள் இருமிக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமை பெண்சாதி சின்னம்மையிடம் டப்பாவை நீட்டினான். அவள் ஐந்து நிமிடம் காறிப் பார்த்தாள். எச்சில்தான் வந்தது.

"நல்லா அடியிலேருந்து இழு."

"அடியில ஒண்ணும் இல்லையே, எங்கேருந்து இழுக்கிறது? அந்த டின்னுல இருக்கிறத ஒழுங்கா முழுங்கியிருந்தா உங்க சளியே போதுமே. ஊரு சளிக்கு ஏன் அலையிறீங்க?"

பக்கத்து லயத்தில் இரண்டு பேரிடம் ஜாடையாகக் கேட்டான். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் வெற்றிலை எச்சிலைத் துப்பித் தந்தான். வீரையாவால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. குழாயடிக்குப் போனான், திரும்பினான், மறுபடி போனான். சுகமாக இருக்கிறவனுக்குச் சளி இல்லை. சளி இருக்கிறவனை நம்ப முடியாது. சுகமாகவும் இருந்து சளியும் உள்ள ஒரு மனிதன் இந்தத் தோட்டத்தில் எங்கே கிடைப்பான்?

அப்போதுதான் மேல் லயத்திலிருந்து அந்தச் செருமல் கேட்டது.

வடிவேல், தாயகம் திரும்பியோர் முன்னேற்ற நலச் சங்கத்தின் தலைவர். அக்கரையில் பெரிய கங்காணியாக இருந்தவர். சங்கத்துக்கு ஆள் சேருவதற்கு முன்பே ரப்பர் ஸ்டாம்ப் வந்துவிட்டது. பேச எழுந்தால் முதலில் கோட்டை இழுத்துவிடுவார், பிறகு மூன்று முறை செருமுவார். மூன்றாவது செருமலில் கூட்டம் அடங்கிவிடும். அந்தச் செருமலுக்காகவே அவரைத் தலைவராக்கினார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. முக்கால் மணி நேரம் தொண்டை கிழியப் பேசுகிறவருக்கு நெஞ்சில் என்ன கோளாறு இருக்க முடியும்?

விஷயத்தைக் கேட்டதும் வடிவேல் கண்ணை மூடிக்கொண்டார். மேடையில் மௌன அஞ்சலிக்கு மூடுகிற மாதிரி.

"என் சளியால ஒரு தொழிலாளிக்குப் பேர் பதியும்னா, எடுத்துக்க வீரையா. இந்த உடம்பு சமுதாயத்துக்குத்தான்."

"காலையில மொத சளி வேணும் தலைவரே."

"மொதல் என்னா, கடைசி என்னா? என்கிட்ட குறைவா இருக்கு?"

குறைவாக இல்லை. வெள்ளிக்கிழமை விடியலில் டப்பா நிறைந்தது.

அடுத்த புதன்கிழமை கனகமணி சீட்டைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், வீரையாவைப் பார்த்தார்.

"ஏனுங்க, கிருமி நெறைய இருக்குதுங்க."

வீரையா சீட்டை எட்டிப் பார்த்தான். "யாருக்கு சிஸ்டர்?"

"உங்களுக்குத்தானுங்க, வேற யாருக்கு? ஒரு நாள் விடாம ஆறு மாசம் சாப்பிட்டும் இப்படின்னா உங்களுக்கு இந்த மருந்து கேக்கலீங்க. டாக்டர் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன்னு சொல்றாரு. அங்கயே தங்கோணும், ஊசி போடோணும். அஞ்சாறு மாசம் ஆகுமுங்க."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தான். வாயைத் திறக்காவிட்டால் அடுத்தவர் கிருமிக்காக இவன் கீழ்நாட்டுக்குப் போக வேண்டும். திறந்தால் அட்டையில் உள்ள ஆறு கோடும் பொய்யாகிவிடும். பேர் பதிவுக்கு மங்களம். இதற்கு நடுவில் அந்த மனுஷன் ஒன்றும் அறியாமல் செருமிக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் சங்கக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. வடிவேல் ஒரு தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று முழங்கிக்கொண்டிருந்தார். "உடல் நலம் பேணாத சமுதாயம் ஒருநாளும்..." என்று தொடங்கி, முடிக்காமல் இருமினார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். முதல் வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள் சம்மணமிட்டு, அண்ணாந்து, வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தன. பிஸ்கட் கொடுப்பார்கள் என்று வந்தவை. அந்தத் திறந்த வாய்களைப் பார்த்த பிறகு வீரையாவால் கூட்டம் முடிகிறவரை பொறுக்க முடியவில்லை. நேரே போய்த் தலைவரின் கோட்டைப் பிடித்து ஓரமாக இழுத்தான்.

"என்னா மரியாதையில்லாம..."

"கிருமி இருக்காம் தலைவரே."

"பாவம். தைரியமா இரு வீரையா. சங்கம் உன் பின்னால நிக்குது."

"எனக்கில்ல, உங்களுக்கு. அது உங்க சளி."

வடிவேல் கோட்டை அவன் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டார். பிறகு சட்டம் பேசினார்.

"ஆஸ்பத்திரியில மாத்திட்டான்."

"இல்லீங்க."

"டப்பா யாரு கையில இருந்துச்சு? உன் கையில. உன் கிருமி ஏறியிருக்கும்."

"மூடி போட்ட டப்பாங்க. சாயங்காலம் காய்ச்சல் அடிக்குதா?"

"அது பொறுப்புல இருக்கிறவனுக்கு வர்ற சூடு."

"ராத்திரி வேர்க்குதா?"

வடிவேல் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ராத்திரி வேர்க்குதா தலைவரே?"

"பனியன் மாத்துறேன்," என்றார் வடிவேல். குரல் முக்கால் வாசி இறங்கியிருந்தது. "வெளியில சொல்லாத. நான் யாரு என்னான்னு நெனச்சுப் பாரு."

"நெனச்சுப் பாத்துட்டேன். இப்படியே விட்டா நீங்க மாலை போட்ட ஒரு போட்டோதான். நாளைக்கு மொத பஸ்ஸு. வரலைன்னா இப்பவே அந்தப் பெட்டி மேல ஏறி நானே பேசுவேன்."

மறுநாள் கனகமணி கதையை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. இரண்டு டப்பாவை எடுத்தார்.

"எம்பட கண்ணு முன்னால துப்புங்க, ரெண்டு பேரும். ஏனுங்க தலைவரு, செருமுனது போதும், துப்புங்க."

இரண்டிலும் கிருமி இருந்தது. வீரையா மூன்று மாதம் மருந்து தின்றபோது அவன் கிருமி ஒடுங்கிக் கிடந்தது, அப்புறம் அவன் விட்டதும் எழுந்துகொண்டது என்றார் டாக்டர். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் மருந்துக்கே பழகிப்போயிருக்குமாம். இரண்டு மாதம் தினமும் ஊசி, மறுபடி முதலிலிருந்து பதினெட்டு மாதம். வடிவேலுக்கும் அதே பதினெட்டு. வீரையாவின் பேர் பதியவில்லை. சளி சுத்தமான பிறகு பார்க்கலாம், அதுவரை அறையில் இருக்கட்டும் என்று கிளார்க் சொன்னார். வடிவேல் லெட்டர்பேடில் எழுதிய நாலு பக்க மனுவால் அல்ல, கனகமணி எழுதிக் கொடுத்த நாலு வரியால்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கையில்லை. ஆகவே தினம் காலையில் பெரட்டுக்கு முன்னால் சின்னம்மையின் அடுப்படியில், அவள் முன்னிலையில், இரண்டு பேரும் முழுங்கினார்கள். வெறும் வயிற்றில் குமட்டியது. வீரையா கால் மாற்றி மாற்றி நிற்பான். நாலாவது மாதம் அவனுக்கு உடம்பு மறுபடி தேறியது, மறுபடி அறிவும் அரிக்கத் தொடங்கியது. அன்று வடிவேல்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எனக்கு நல்லா சுகமாயிருச்சு. எடை எட்டு ராத்தல் கூடிருக்கு. மாநாட்டுக்கு வேற போகணும். ஒரு வாரம் விட்டா என்னா வீரையா?"

வீரையாவின் நாக்கு நுனியில் இருந்ததும் அதே கேள்விதான். அதை அவர் வாயால் கேட்டபோது அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னாவா? என்னைப் பாத்துமா கேக்குறீங்க?" என்று தன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். "இப்ப நீங்க."

வடிவேல் கோட்டை இழுத்துவிட்டார். பேசப் போகிறார் என்று தெரிந்தது.

"பேச்செல்லாம் பெறகு," என்றாள் சின்னம்மை, கையில் அகப்பையோடு. "முழுங்கிட்டு நாக்கத் தூக்கிக் காட்டுங்க. அடியில ஒளிச்சு வைக்கிற ஆளுக நீங்க ரெண்டு பேரும்."

தலைவர் முழுங்கினார். நாக்கைத் தூக்கினார். அவள் விளக்கைக் கிட்டே கொண்டுபோய் நன்றாகப் பார்த்தாள்.