கொசுறு

இதயத்துக்கு எங்கள் கடையில் விலை கிடையாது. இரண்டு கிலோ கறி வாங்குகிறவர்களுக்குக் கொசுறாகப் போடுவோம். ஈரலுக்கு விலை உண்டு, கொழுப்புக்கு விலை உண்டு, தலைக்குக்கூட ஆள் இருக்கிறது. இதயம் மட்டும் "நாய்க்காவது போடுங்க" என்று தாளில் சுற்றித் தள்ளிவிடுகிற சரக்கு. அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். அவரும் பன்றி வியாபாரி, சித்தப்பாக்களும் பன்றி வியாபாரிகள். எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட முதலில் இல்லை என்பார்கள், பிறகு அரை டம்ளர் என்பார்கள். முழு டம்ளருக்கு நாமாகப் பேசித்தான் வர வேண்டும்.

அப்படி வளர்ந்தவனிடம் போன வருஷம் ஒருவர் வந்து, சொன்ன விலைக்கு "சரிங்க" என்றார். ஓர் ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கூடத்தில் மிருகங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பது கிலோ எடை, இருமல் இல்லாமல், தோல் சுத்தமாக, உயிரோடு வேண்டும் என்றார். வழக்கமான விலையில் ஒன்றரை மடங்கு சொல்லிப் பார்த்தேன். சரிங்க. வண்டிக்கூலி தனி என்றேன். சரிங்க. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. பேரம் பேசாதவன் ஒன்று அடுத்தவன் பணத்தில் வாங்குகிறான், இல்லையென்றால் நம் சரக்கின் உண்மையான விலை நமக்கே தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். அவருக்கு 'சரிங்க' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

முதல் உருப்படியை அங்கே கொண்டுபோய் இறக்கியபோது எதற்கு என்று கேட்டதில், மறைக்காமல் சொன்னார். தொடை இடுக்கில் துளை போட்டு, ரத்தக்குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விடுகிறார்களாம். மனிதர்களுக்குச் செய்வதற்கு முன்னால் பன்றிக்குச் செய்து பார்ப்பது. "பன்னி இதயமும் நம்ம இதயமும் கிட்டத்தட்ட ஒரே அளவுங்க, அமைப்பும் அப்படித்தான்" என்றார். கடைக்கு வந்ததும் பலகையில் கிடந்த ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் கைமுட்டி அளவு இருந்தது. வாடிக்கையாளர் காத்துக்கொண்டிருந்ததால் தாளில் சுற்றிக் கொடுத்தேன்.

அதற்குச் சில மாதம் கழித்துத்தான் என் மனைவி மாடிப்படியில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். துணி காயப்போடப் போகிறவள் திருப்பத்தில் வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சுவரையே பார்ப்பாள். என்ன பார்க்கிறாய் என்றால், "பெயின்ட் அடிக்கணும், எவ்வளவு அழுக்கா இருக்கு" என்பாள். ஆள் பிடித்து, கூலியைப் பாதியாக்கி, பெயின்ட் அடித்தும் முடித்தேன். சுவர் பளிச்சென்று ஆன பிறகும் அவள் அதே இடத்தில் நின்றாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள வால்வு கல் மாதிரி இறுகிவிட்டது என்றார் டாக்டரம்மா. நுரையீரல் பலவீனமாக இருப்பதால் நெஞ்சைத் திறந்து மாற்ற முடியாது. இப்படியே விட்டால் ஒரு வருஷம், மிஞ்சினால் இரண்டு. மடித்து வைத்த புது வால்வைத் தொடை வழியாகவே கொண்டுபோய் விரிக்கலாம். புது மாதிரி, இன்னும் சோதனையில் இருக்கிறது.

"உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல. எல்லாமே இலவசம்" என்றார்.

இலவசமாக எதையாவது தள்ளிவிடுகிறவனின் பக்கத்தில்தான் நான் பிறந்ததிலிருந்து நின்றுகொண்டிருக்கிறேன்.

அது அதே ஆஸ்பத்திரி. எனக்கு அதன் பின்வாசல்தான் பழக்கம். முன்வாசலில் செடித்தொட்டியும் குளிர்ந்த காற்றும் இருப்பதே அன்றுதான் தெரிந்தது. நர்ஸ் அவளை எடைமேடையில் நிற்க வைத்தாள். நாற்பத்திரண்டு கிலோ. இருமல் உண்டா என்று கேட்டாள். தோலில் புண், கட்டி எதுவும் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "சேர்க்கறதுக்கு முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல எதுவும் குடுக்காதீங்க" என்றாள். ஒவ்வொரு முறையும் போனில் சரிங்க எனக்குச் சொல்கிற வாக்கியம் அது. 'தீனி' என்ற வார்த்தை மட்டும்தான் குறைந்தது.

நேராக அவளை அழைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன்.

"டாக்டரம்மா, இதைப் பன்னிக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க உங்க பன்னி."

என் மனைவி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "இருபது வருஷமா நான் சொன்னப்ப ஒத்துக்கல" என்றாள்.

பின்வாசலில் பன்றி இறக்குகிறவன் நான்தான் என்று விளக்கினேன். டாக்டரம்மாவும் சிரித்தார். வியாபாரத்தில் சிரிப்பு வந்தால் நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

"போட்டுப் பாத்தோம். நல்லா வேலை செஞ்சுது."

"இதுவரைக்கும் முப்பத்தொண்ணு குடுத்திருக்கேன். ஒண்ணைக் காட்டுங்க."

"அதுல எதுவும் உயிரோட இல்ல." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தானா சாகல. மயக்கத்துலயே முடிச்சிருவோம். எப்படி உக்காந்திருக்குன்னு இதயத்தை வெளிய எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

"அப்ப நல்லா வேலை செஞ்சதுக்கும் அதே கதி, செய்யாததுக்கும் அதே கதி. ஒரு சாட்சியையும் விட்டு வைக்கல."

அவர் கோபப்படவில்லை. மாதக்கணக்கில் வைத்து வளர்க்கிறவையும் இருக்கின்றன, போய்ப் பாருங்கள் என்றார். எழுந்தவன், தொழில் புத்தி விடாமல், வால்வின் கடை விலை என்ன என்று கேட்டேன். சொன்னார். நாங்கள் குடியிருக்கும் வீட்டை அதைவிடக் குறைவாகத்தான் வாங்கியிருந்தேன். எதில் செய்தது என்றேன். உலோக வலை, அதற்குள் தைத்திருப்பது பன்றி இதயத்தைச் சுற்றியுள்ள சவ்வு என்றார். அந்தச் சவ்வை நாங்கள் கொசுறாகக்கூடக் கொடுப்பதில்லை. உரித்து வாளியில் போட்டுவிடுவோம்.

மனைவியை முன்பக்கம் உட்கார வைத்துவிட்டுப் பின்பக்கம் நடந்தேன். சரிங்க என்னை உள்ளே அழைத்துப்போனார். கழுவிய சிமென்ட் தரை, மருந்து நெடி, கம்பித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பன்றி. "இதுக்கு வால்வு வெச்சு எட்டு மாசம் ஆச்சுங்க" என்றார்.

அதன் எடை நாற்பது கிலோகூட இருக்காது. நான் சிரித்துவிட்டேன். எட்டு மாதத்தில் என் பன்றி இந்தக் கதவையே அடைத்துக்கொண்டு நிற்கும்.

"போன வாரம் வாங்கின சரக்கைக் காட்டி யாரை ஏமாத்தறீங்க?"

"இது குள்ள ஜாதிங்க. இவ்வளவுதான் வளரும். உங்களுது மளமளன்னு வளந்துருது, வெச்ச வால்வு பத்தாமப் போயிருது. அதான் அன்னன்னைக்கு முடிக்கற வேலைக்கு உங்களுது, நாள்பட வெச்சுப் பாக்க இது."

"யார்கிட்ட வாங்கறீங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். மனைவியின் உயிர் பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் ஆளைச் சொல்லவில்லை, விலையைச் சொன்னார். என் விலையைப் போல ஆறு மடங்கு. அதற்கும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பார்.

தடுப்பைத் திறக்கச் சொல்லி உள்ளே போனேன். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். முற்றின பல், வயசான உருப்படிதான். தொடையின் உள்பக்கம் தடவினேன். பழைய தழும்பு ஒன்று விரலில் தட்டுப்பட்டது. விலாவில் கை வைத்தேன். அடித்துக்கொண்டிருந்தது. அது என்னை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்ன எதுவும் கொண்டு வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் படுத்தது. பல்லும் தழும்பும் பொய் சொல்லாது. ஆனால் ஒரு நல்ல உருப்படியை முன்னால் நிறுத்தி மீதியை மறைப்பது எங்கள் சந்தையில் பிறந்த வித்தை.

"இந்த மாதிரி எத்தனைக்கு வெச்சீங்க?"

"ஆறு."

"இருக்கறது?"

"நாலு."

"ரெண்டு?"

குழாயைத் திறந்து காலைக் கழுவினார், மூடினார். "ஒண்ணு காய்ச்சல்ல போச்சு. இன்னொண்ணு ஏன்னு தெரியலீங்க. நின்னுக்கிட்டே இருந்துச்சு, விழுந்துருச்சு. பாத்துக்கிட்டு இருக்காங்க."

தன் சரக்கின் சொத்தையைத் தானே திருப்பிக் காட்டுகிறவனை நான் சந்தையில் இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறேன். ஒருவன் நல்லவன். மற்றவன் சின்னச் சொத்தையைக் காட்டிப் பெரிய சொத்தையை மறைக்கிறவன். முகத்தை வைத்துப் பிரிக்க முடிந்ததே இல்லை.

வரும் வழியில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விழுந்ததையும் சேர்த்து. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நல்லா சாப்பிடுதா?"

"சாப்பிடுது."

"படி ஏறுதா?"

"பன்னி எதுக்கு ஏறப்போகுது?"

"அப்ப நான் ஏறிப் பாத்துச் சொல்றேன்" என்றாள். சற்று நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு, "நீங்க பேரம் பேசிக்கிட்டே இருங்க. எனக்குப் பேச மூச்சு இல்ல" என்றாள்.

அதற்கு மேல் எந்த விலையைக் குறைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டாக்டரம்மா தேதி சொன்னபோது, "சரிங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

காலையில் கொண்டுவந்து இறக்க இரண்டு பன்றிகள் வேண்டும் என்று சரிங்கவிடமிருந்து போன் வந்தது. அதே தேதி. காலையில் பன்றிக்கு, மதியம் அவளுக்கா என்று கேட்டேன். புது டாக்டர்களுக்குப் பயிற்சி, வேறு வேலை, வேறு ஆட்கள் என்றார் சரிங்க. நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் ஒரே காரணம்தான் இருந்தது. அவர் அதுவரை என்னிடம் எதையும் குறைத்துக் கேட்டதில்லை.

மனைவியை முன்வாசலில் நர்ஸிடம் ஒப்படைத்தேன். வளையல்களைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டாள். கதவு வரைக்கும் சக்கர நாற்காலியில் போனவள் திரும்பி, "அங்க வண்டியில கத்துதுங்க பாருங்க, போய் இறக்குங்க" என்றாள். சுற்றிக்கொண்டு போய் இறக்கினேன். இரண்டும் முதல்நாள் ராத்திரியிலிருந்து பட்டினி. தரையை முகர்ந்தபடி உள்ளே போயின. கதவு சாத்திக்கொண்டது.

வண்டியைக் கழுவிவிட்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தேன். சும்மா இருக்கும்போது கணக்குப் போடுவது எங்கள் குடும்பத்து வியாதி. பின்வாசலில் உள்ளே போனது முப்பத்து மூன்று, வெளியே வந்தது இல்லை. அந்தக் கணக்கு நேராகிவிட்டது. முன்வாசலில் உள்ளே போனது ஒன்று. பையில் வளையல் நான்கு. வரவேண்டியது ஒன்று.