ஒரு வாய் டீக்கான நேரம்

மூன்றாவது லென்ஸும் உடைந்தபோது முதலாளி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. உடைந்த துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், குப்பைக்கூடையில் போட்டார், கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே, சனிக்கிழமை லென்ஸ் வெட்டும் மெஷினை எடைக்குப் போடப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இனிமேல் லென்ஸ்களை வெளியூரில் ஒரு பெரிய கம்பெனியிடம் கொடுத்து வெட்டி வாங்கிக்கொள்வாராம். நான் கடையின் முன்பக்கம் உட்கார்ந்து ஃப்ரேம் விற்கலாமாம். பத்தொன்பது வருஷம் இந்தப் பின்னறையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டியவளை, வருகிறவர்களிடம் இந்த ஃப்ரேம் உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று இளிக்கச் சொல்கிறார். எனக்கு அது வராது. சப்பை மூக்கைப் பார்த்தால் சப்பை மூக்கு என்றுதான் வாயில் வரும்.

என் மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் இரண்டு கல் சுற்றும். ஒன்று கரடு, ஒன்று மெருகு. ஒரு இரும்புக் கை லென்ஸைப் பிடித்துக் கரட்டுக் கல்லில் அழுத்தும், பிறகு மேலே எழுந்து நகர்ந்துபோய் மெருகுக் கல்லில் அழுத்தும். எப்போது அழுத்த வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று அந்தக் கைக்குச் சொல்வது பக்கத்து மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர். மெஷினோடு வந்த கம்ப்யூட்டர் அது. அதற்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுத்த மனிதர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நாலு மாதமாகக் காலையில் அது எழுந்திருக்கவே அடம்பிடித்தது. ஐந்தாறு முறை ஸ்விட்சைப் போட்டால் ஒரு முறை முனகிக்கொண்டு எழும். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் முதலாளியிடம் என் தம்பியைச் சிபாரிசு செய்தேன்.

தம்பிக்குக் கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை புதுசைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்கும் முதலாளிக்கும் பொருட்காட்சி நடத்தினான். பழையதன் ப்ராசஸர் ஒரு பிஸ்கட் அளவு, தலைக்கு மேல் ஒரு காற்றாடிகூடக் கிடையாது. புதியதன் ப்ராசஸர் அதைவிடச் சின்னது, ஆனால் அதன் சூட்டைத் தணிக்கத் தலைமேல் ஒரு சோற்றுப்பானை அளவுக்குக் காற்றாடி. பழையதற்கு ஒரே மூளையாம், புதியதற்கு எட்டாம். இரண்டுக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தான். பழையது போட்டு முடிக்கப் பதினோரு நிமிஷம் எடுத்தது. புதியதில் அவன் பொத்தானைத் தட்டிவிட்டு மூக்கைச் சொறிவதற்குள் விடை வந்துவிட்டது. பழையதற்கு அங்கேயே ஆமை என்று பெயர் வைத்தான். முதலாளி அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் புதியதை வைத்து வெட்டிய முதல் லென்ஸே உடைந்தது. புதன்கிழமை மாட்டிய ஒன்றும் உடைந்தது. வியாழக்கிழமை உடைந்ததுதான் மூன்றாவது, தையல்காரம்மாவின் இடது கண் லென்ஸ். வலது கண்ணுக்கு ஆமை இருக்கும்போதே வெட்டி வைத்திருந்தேன். அந்த அம்மாவுக்குக் கனத்த பவர். பெட்டியில் அதே பவரில் இன்னும் ஒன்றுதான் மிச்சம், அதுவும் போனால் புதிதாக வர மூன்று வாரம் ஆகும். அதுவரை அவர் ஊசியைக் கையில் எடுக்க முடியாது. தம்பியைக் கேட்டால், பழைய ப்ரோகிராமை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அப்படியே ஏற்றியிருப்பதாகவும், கம்ப்யூட்டர் தப்பே செய்யாதென்றும், மெஷினின் கைக்குத்தான் வயசாகிவிட்டதென்றும் சொன்னான். முதலாளி நம்பிவிட்டார். பாதி நானும் நம்பினேன். சொந்தத் தம்பியைக் கூட்டிவந்து சொந்த வேலைக்கே உலை வைத்துக்கொண்டோமே என்று அன்று வீட்டில் அவனோடு பேசவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை. மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கடைசியாக ஒரு முறை துடைக்கிறோம் என்ற நினைப்போடு. அருகில் என் டீ ஆறி ஆடை படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. முந்தின நாள் டீயும் இப்படித்தான் ஆறிப்போனது. அதற்கு முந்தின நாளும். இத்தனை வருஷத்தில் நான் ஆறின டீ குடித்ததில்லை. ஏன் ஆறுகிறது? யோசித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து, வேலை செய்கிற மாதிரி வெறுங்கையை வைத்துப் பார்த்தேன். கல் ஓடும்போது ஒரு கை தண்ணீர்க் குழாயில் இருக்கும், இன்னொன்று நிறுத்தும் பொத்தானில். ஒரு கல்லை விட்டு இரும்புக் கை எழுந்து இன்னொரு கல்லுக்குப் போகும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என் கை சும்மா இருக்கும். அப்போது ஒரு வாய் குடிப்பேன். ஆறு லென்ஸுக்கு ஒரு டம்ளர், கணக்கு பிசகாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. டம்ளரை எடுக்க நேரமே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தம்பியை ஃபோனில் கூப்பிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே வந்தான். ஆமையை மெஷினில் மாட்டச் சொன்னேன், நல்லவேளையாக மூன்றாவது முறை ஸ்விட்சைப் போட்டதுமே எழுந்துவிட்டது. கழித்துப் போட்ட லென்ஸ் ஒன்றை மாட்டி ஓட்டினோம். கை எழுவதற்கும் மறுபடி அழுத்துவதற்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அவன் ஃபோனில் பார்த்தான். நாலு செகண்ட். பிறகு புதியதை மாட்டினோம். கை எழுந்து பாதி வழிகூடப் போகவில்லை, அதற்குள் அழுத்திவிட்டது. கரட்டுக் கல்லின் விளிம்பிலேயே பட்டு லென்ஸ் படக்கென்று உடைந்தது. தம்பி ப்ரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தான். கையைத் தூக்கு என்று ஒரு வரி. அழுத்து என்று ஒரு வரி. இரண்டுக்கும் நடுவில், ஒன்றிலிருந்து மூன்று லட்சம் வரை எண்ணு என்று ஒரு வரி.

எதற்காக எண்ண வேண்டும் என்று கேட்டேன். சும்மாதான், நேரத்தைக் கடத்துவதற்காக, என்றான். ஆமை மூன்று லட்சம் எண்ணி முடிக்க நாலு செகண்ட் ஆகும், அதற்குள் கை போய்ச் சேர்ந்துவிடும். எழுதிய மனிதர் அந்த நம்பிக்கையில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

"அது தப்பா எண்ணலக்கா. நாம கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள எண்ணி முடிச்சிடுது."

சொல்லும்போது அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. எட்டு மூளையும் ஒன்றாகத் தலை குனிந்தது. உடனே சுதாரித்துக்கொண்டு, மூன்று லட்சத்தைப் பதினைந்து கோடியாக்கிவிட்டால் போதும், அஞ்சு நிமிஷ வேலை என்றான். நான் வேண்டாம் என்றேன். அடுத்த வருஷம் இதைவிட வேகமான ஒன்றை அவன் தூக்கிக்கொண்டு வருவான், மறுபடி என் டீ ஆறும். அடுப்பில் முட்டையை வேகப் போட்டுவிட்டு மூன்று லட்சம் வரை எண்ணிக்கொண்டா நிற்கிறோம்?

"அதான் திரை மூலைல மணி ஓடுதில்ல? எண்ணச் சொல்லாத. அந்த மணியப் பாத்து நாலு செகண்ட் நிக்கச் சொல்லு."

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். இது தனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்று மெதுவாகச் சொன்னான். சின்ன வயதிலிருந்து எந்த விஷயத்திலும் அவன் எனக்கு விட்டுக்கொடுத்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தலைக்கேறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் அந்த வரியை மாற்றியதும், கழித்துப் போட்டதில் மிச்சமிருந்த ஏழு லென்ஸ்களையும் அன்று மாலைக்குள் வெட்டிப் பார்த்தோம். ஏழும் முழுசாக வந்தன.

சனிக்கிழமை இரும்புக்காரர் கயிறோடு வந்து பின்வாசலில் நின்றார். முன்பக்கம் தையல்காரம்மா. நான் அந்தக் கடைசி லென்ஸைக் கையில் எடுத்ததும் முதலாளி பதறிப்போனார். கழித்ததில் வெட்டியதெல்லாம் சரி, இதில் விஷப்பரீட்சை வேண்டாம், வெளியூருக்கே அனுப்பிவிடலாம் என்றார்.

"சார், இது உடைஞ்சா நானே முன்னாடி வந்து உக்காந்துக்கறேன். வர்றவங்க மூக்கெல்லாம் அழகுன்னு சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டார். லென்ஸை மாட்டினேன். கரட்டுக் கல் அரைத்து முடித்தது. கை எழுந்தது. டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தேன், தொண்டையில் சூடாக இறங்கியது. டம்ளரைக் கீழே வைத்தேன். கை மெருகுக் கல்லின் மேல் போய் நின்று, பதமாக அழுத்தியது.

விளிம்பு வழுவழுவென்று இருந்தது. ஃப்ரேமில் பொருத்தித் தையல்காரம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுக்கொண்டு இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினார். முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் வேலைக்குப் போட்டிருக்கும் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார்.

"இங்க தையல் பிரிஞ்சு தொங்குது. கழட்டிக் குடுங்க, தைச்சுத் தர்றேன்."

முதலாளி பின்வாசலுக்குப் போனார். மெஷின் எங்கேயும் போகவில்லை என்று இரும்புக்காரரிடம் அவர் சொல்வது எனக்குக் கேட்டது. சொன்னதையே உரக்க இன்னொரு முறையும் சொன்னார். வெறுங்கையோடு போக மாட்டேன் என்று அந்த மனிதர் நிற்க, ஆமையின் தகரப் பெட்டியைத் தம்பி தூக்கிக் கொடுத்தான். அதற்கு முன் அந்தப் பிஸ்கட் அளவு ப்ராசஸரைக் கழற்றி என் மேஜையில் வைத்திருந்தான். டம்ளருக்கு அடியில் வைக்க அளவாக இருக்கிறது.

கோட்டைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து அடுத்த லென்ஸை மாட்டினேன். தம்பி பின்னால் நின்றுகொண்டு, இன்னும் மனசு ஆறாமல் சொன்னான்:

"அந்த நாலு செகண்ட்ல இது எத்தனை கோடி கணக்குப் போடும் தெரியுமாக்கா? சும்மா நிக்குது."

"நிக்கட்டும்டா" என்றேன்.

இரும்புக் கை மேலே எழுந்தது. நான் டம்ளரை எடுத்தேன்.