விலக்கில் பஸ் பிடிக்கும் சிலந்தி

பரளச்சிக்கு அடுத்து, கிளை ரோடு பிரிகிற விலக்கில் விடியுமுன் வரும் முதல் பஸ்ஸை நிறுத்துவது ஒரு சிலந்தி. அதற்கு முன்னால் அந்தப் பஸ் அங்கே நின்றதில்லை. பரளச்சியிலேயே ஆள் நிரம்பிவிடும். டிரைவர் மாரிசெல்வம் விலக்கைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். அருப்புக்கோட்டை மில்லுக்குப் போகிற நாகஜோதிக்குக் கையை நீட்டி நீட்டித் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். இன்னொரு நாள் பிந்தினால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

"நீங்க உக்காந்த எடத்துலயே பிடிச்சுத் திங்கிறீக. எனக்கு ஒரு பஸ்ஸு மாட்ட மாட்டேங்குதே" என்று அவள் கருவேல மரத்துச் சிலந்திகளிடம் அலுத்துக்கொண்டாள். அவை கேட்டுக்கொண்டன. பஸ் நின்றால் அதன் விளக்கைப் பூச்சி மொய்க்கும் என்பது அவற்றுக்கும் தெரியும்.

வட்டவலை கட்டுகிறவள் ரோட்டுக்குக் குறுக்கே கட்டினாள். பஸ் அதை மாலையாகப் போட்டுக்கொண்டு போய்விட்டது. தாவிப் பிடிக்கிறவள் கண்ணாடிமேல் பாய்ந்தாள், வைப்பர் தள்ளிவிட்டது. குழிக்கு மண்மூடி போட்டுப் பதுங்குகிறவள் ரோட்டிலேயே குழி பறித்தாள். அந்த ரோட்டில் எது அவள் குழி, எது பழைய குழி என்று டிரைவருக்குத் தெரியவில்லை. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஏற்றி இறக்கினார்.

கடைசியாக, வலையே கட்டாத ஒருத்தி வந்தாள். பெண் அந்துப்பூச்சியின் வாசனையை விட்டு ஆண் பூச்சியை வரவழைத்து, ஒற்றை நூலில் தொங்கும் பசைத்துளியை வீசிப் பிடிப்பது அவள் வழக்கம். மாரிசெல்வத்தின் மனைவி சுமதி அப்போது கோபித்துக்கொண்டு திருச்சுழியில் தாய்வீட்டில் இருந்தாள். அன்று அந்தச் சிலந்தி, சுமதி வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசனையை விட்டது. பஸ் நின்றது.

"யாருலே இந்நேரத்துல கொழம்பு வச்சது?" என்று தலையை நீட்டினார் மாரிசெல்வம்.

"தெனமும் வைப்பாகண்ணே. நின்னு மோந்துட்டுப் போங்க" என்று ஏறிக்கொண்டாள் நாகஜோதி.

மோந்து மோந்து தாங்காமல் மாரிசெல்வம் திருச்சுழிக்கே போய்ச் சுமதியைக் கூட்டிவந்துவிட்டார். மறுநாள் வயிறு நிறைந்த டிரைவர் குழம்பு வாசனையைச் சட்டை பண்ணவில்லை. பஸ் விலக்கைத் தாண்டியது. நாகஜோதி நீட்டிய கையோடு நின்றாள்.

சிலந்தி வாசனையை மாற்றியது. கரிசல் மண்ணில் முதல் மழை விழுந்த வாசனை. பஸ் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லோரும் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு பொட்டு மேகமில்லை. விடிவெள்ளி பளிச்சென்று இருந்தது. நாகஜோதி ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

இன்றும் எல்லோரும் அங்கே இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு ஏறுகிறார்கள். அதற்கென்று டைம் கீப்பர் கொஞ்சம் நேரம் கூட்டிக் கொடுத்திருக்கிறார். பூச்சி தாராளமாகக் கிடைப்பதால் சிலந்தி கொழுத்துவிட்டது. மழைதான் இன்னும் வந்தபாடில்லை.