இரண்டிரண்டாக எண்ணும் முறை

ஐந்தே காலுக்குப் பேருந்து புறப்படும் என்று வழிகாட்டிப் பெண் நெரேயா சொல்லியிருந்தாள். கசில்தா கீழே கடற்கரையிலிருந்து பாறைப் படிகளில் ஏறி மேலே வந்தபோது மணி ஐந்து பத்து. கலங்கரை விளக்கத்தின் அடியில் பேருந்து நின்ற இடம் வெறுமையாக இருந்தது.

தவறு தன்னுடையதோ என்று அவள் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றையே காட்டின. பிப்ரவரி மாதத்துக் கடற்காற்று மாலையில் கூர்மையாகிவிடும். வயதானவர்கள் குளிருகிறது என்று முணுமுணுத்திருப்பார்கள். நெரேயா மனமிரங்கி முன்னதாகவே வண்டியைக் கிளப்பச் சொல்லியிருப்பாள்.

தன்னை எப்படி விட்டுவிட்டுப் போனார்கள் என்பது கசில்தாவுக்கு உடனே விளங்கிவிட்டது. நெரேயா ஒருநாளும் தலைகளை எண்ணியதில்லை. பல ஊர்களிலிருந்து சுற்றுலா வந்த ஓய்வூதியக்காரர்கள் ஐம்பத்து மூன்று பேரை எண்ணி முடிப்பதற்குள் பாதிப் பேர் எழுந்து இடம் மாறிவிடுவார்கள். ஆகவே அவள் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"பக்கத்துல திரும்பிப் பாருங்க, கண்ணுங்களா! உங்க ஆளு இருக்காங்களா?"

"இருக்காங்க!" என்று பேருந்து அதிரும்.

"இல்லாட்டிதான் நான் நிம்மதியா இருப்பேனே!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்துவார். அவர் மனைவி கைப்பையால் அவரை அடிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், வண்டி நகரும்.

கணவனும் மனைவியுமாக வந்தவர்களுக்கு அந்த முறை போதுமானதாக இருந்தது. தனியாக வந்த சிலரைப் பட்டியலைப் பார்த்து இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஓர் அறைக்கு இருவர் என்று விடுதியில் தங்கவைத்திருந்தார்கள். சமோராவிலிருந்து வந்த கசில்தாவுக்கு அப்படி வாய்த்தவள் புர்கோஸ்காரி தோமித்திலா. எல்லோருக்கும் அவள் தோமி. முதல் மூன்று நாள் தோமி பேருந்திலும் கசில்தாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் மூன்று மருமகள்களையும் வரிசையாகக் குறை சொல்லி முடித்தாள். மூன்றாம் நாள் மாலை விடுதியின் நடனக்கூடத்தில் ஜோடி சேராமல் தனியாக இருந்த ஃபவுஸ்தினோ என்கிற சோரியாக்காரர் அவளை ஆட அழைத்தார். மறுநாள் காலையில் தோமியின் கைப்பை அவருடைய இருக்கைக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது.

"உனக்கொண்ணும் வருத்தமில்லையேடி?" என்று அன்றே அவள் கேட்டாள்.

"எனக்கென்ன வருத்தம்? கால நீட்டிக்க இடமாச்சு," என்றாள் கசில்தா.

இன்றைக்கும் நெரேயா கேட்டிருப்பாள். தோமி திரும்பிப் பார்த்திருப்பாள், ஃபவுஸ்தினோ இருந்திருப்பார். ஃபவுஸ்தினோ திரும்பிப் பார்த்திருப்பார், தோமி இருந்திருப்பாள். வண்டியில் இருந்தவர்களில் ஒருவருக்கும் ஆள் குறைந்திருக்காது.

கழுத்தில் தொங்கிய அட்டையில் நெரேயாவின் எண் இருந்தது. கசில்தா முதல் நான்கு இலக்கங்களை அழுத்தினாள். ஐந்தாவது இலக்கத்தின் மேல் விரல் நின்றது.

ஜனவரி மாதத்தில் அவள் பதினொரு நாள் காய்ச்சலில் கிடந்தாள். அந்தப் பதினொரு நாளில் கதவு தட்டப்படவில்லை. தொலைபேசி ஒரு முறை மணியடித்தது, அது மின்சார நிறுவனம் மாறச் சொல்லும் யாரோ விற்பனைக்காரன். பன்னிரண்டாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் போனபோது, "எங்க, ஊருக்குப் போயிருந்தீங்களா? வெயில்ல கறுத்து அழகா வரணும், இப்பிடி வெளுத்துப்போய் வந்திருக்கீங்க!" என்று கடைக்காரி சிரித்தாள். கசில்தாவும் சிரித்துவிட்டு, "ஆமா, போயிருந்தேன்," என்றாள். அந்தப் பொய்யை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சுட்டது.

அவள் அழுத்திய இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தாள். தானாகக் கூப்பிடுவதில்லை, அவர்களில் யாராவது கூப்பிடட்டும். ஒரே ஒருவர் போதும். இதில் கோபமோ பிடிவாதமோ இல்லை. தான் இல்லாதது ஒரு மனிதருக்காவது தெரியவருமா என்பதை அவள் அறிந்துகொள்ள விரும்பினாள். அறிந்துகொள்வதற்கு இதைவிடத் தெளிவான வழி இனிக் கிடைக்காது.

படிகளில் மறுபடியும் இறங்கினாள். கீழே பாறைகளுக்கு நடுவில் சிறிய மணற்பரப்பு; அதன் ஓரத்தில் தூண்டில் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றிருந்தான்.

"அம்மணி, உங்க பஸ் போயிடுச்சே!" என்றான். "மேல சத்தம் கேட்டுச்சு. மாப்பிள்ளைய மறந்துட்டுப் போன கல்யாணக் கூட்டம் மாதிரி பாட்டுப் பாடிக்கிட்டே போனாங்க."

"தெரியும். வருவாங்க."

"வராட்டி? மேல ரோட்டுல நகரப் பஸ் வரும். இல்லன்னா ஏழு மணிக்கு நான் கிளம்புவேன், வண்டியில ஏறிக்குங்க. மீன் நாத்தம் அடிக்கும். காசு கேக்க மாட்டேன்."

"என்ன மீன் கிடைச்சுது?"

"நாத்தம்தான் அடிக்கும்னு சொன்னேன். மீன் இருக்குன்னு சொல்லலையே!"

அவள் தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். பிறகு சற்றுத் தள்ளி ஒரு பாறையில் போய் உட்கார்ந்து, கைப்பேசியை மடியில், திரை மேலே தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

ஐந்தே முக்கால். இந்நேரம் பேருந்து விடுதி வாசலில் நின்றிருக்கும். இறங்கும்போது ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் கைகொடுப்பார். கைகளை அவரும் எண்ணுவதில்லை. ஆறு மணிக்குத் தோமி அறைக்குள் வந்து காலணிகளை உதறுவாள். அப்போது பக்கத்துக் கட்டில் கண்ணில் படும். ஆறே காலுக்குள் அவள் கூப்பிடாவிட்டால், குளியலறையில் இருக்கிறாள் என்று பொருள். ஆறரை வரைக்கும் கசில்தா இப்படி ஒவ்வொரு கால்மணிக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு காரணம் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

சூரியன் நகரத்துக்குப் பின்னாலிருந்த மலைகளில் இறங்கியது. வளைகுடாவின் அந்தப் பக்கம், காலையில் அவர்கள் ஏறிப் பார்த்த கோட்டையின் விளக்குகள் எரியத் தொடங்கின. கடல் கறுத்தது, அலையின் ஓரம் மட்டும் வெளுப்பாக வந்து வந்து போயிற்று.

ஏழு மணிக்குத் தூண்டில்காரன் வாளியைக் கவிழ்த்துத் தண்ணீரை ஊற்றினான். "கடைசித் தடவ கேக்குறேன், அம்மணி. வரீங்களா?"

"நீங்க போங்க தம்பி. எனக்கு ஒரு போன் வரணும்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு படியேறினான். மேலே வண்டி கிளம்பும் ஓசை கேட்டு, தேய்ந்து, நின்றது.

ஏழு இருபதுக்குக் கைப்பேசி மடியில் அதிர்ந்தது. இரண்டாவது அதிர்வுக்குள் எடுத்துவிட்டாள்.

"ஏண்டி கசில்தா, தூங்கிட்டியா?" தோமியின் குரலுக்குப் பின்னால் தட்டுகளும் கரண்டிகளும் ஒலித்தன. "இனிப்பு வச்சிருக்காங்க, ஃபிளான், தீரப்போகுதுடி! உனக்கொரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கேன், இந்த ஃபவுஸ்தினோ அது மேலயே கண்ணா இருக்காரு. வரியா, இல்ல இவருக்குக் குடுத்துடட்டுமா?"

"நான் ரூம்ல இல்ல, தோமி."

"பின்ன எங்க இருக்க?"

"சாயங்காலம் போனோமே, அந்தக் கடற்கரையில."

"திரும்பவும் போனியா? இந்தக் குளிர்லயா?"

"திரும்பவும் போகல. நான் வரவேயில்ல."

மறுமுனையில் கரண்டி ஒன்று தட்டில் விழும் ஓசை கேட்டது.

"நான் இல்லன்னு எப்ப பாத்த?" என்று கசில்தா கேட்டாள். அவள் குரல் அமைதியாகவே இருந்தது.

"இப்பதான்டி... ஃபிளான் எடுக்கும்போது. தலவலின்னு மேல போய்ப் படுத்துட்டியோன்னு நெனச்சேன். நீதான் இருந்தாலும் சத்தமே வராதே!" உடனே தோமி கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலேயே கூவினாள். "நெரேயா! ஐயோ நெரேயா! கசில்தாவக் கடலோரத்துலயே விட்டுட்டு வந்துட்டோம்!"

உணவுக்கூடம் முழுவதும் கசில்தாவின் காதுக்குள் வந்துவிட்டது.

"யாரு, யாரு?"

"கசில்தாவாம்."

"எந்தக் கசில்தா? கண்ணாடி போட்டவங்களா?"

"அவங்க பேரு ரெமெதியோஸ். இதோ சூப்பு குடிக்கிறாங்களே."

"சமோராக்காரிங்க! என் ரூம்ல இருக்கவ!" என்று தோமி அழமாட்டாக் குறையாகச் சொன்னாள்.

"உன் ரூம்ல ஃபவுஸ்தினோன்னுல்ல நாங்க நெனச்சோம்!"

சிரிப்பு எழுந்தது, யாரோ அதட்டவும் அடங்கியது. பிறகு ஒரு பெண்ணின் குரல் தயக்கத்தோடு கேட்டது: "காலையில கோட்டையில நம்ம எல்லாரையும் போட்டோ எடுத்துக் குடுத்தாங்களே, அவங்களா? அவங்க கோட்டையில வேல பாக்குறவங்கன்னு நெனச்சு நான் அஞ்சு யூரோ நீட்டினேனே!"

கசில்தா கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். அடுத்து வந்தது நெரேயாவின் குரல். ஓடிவந்த மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, மன்னிச்சுடுங்க, மன்னிச்சுடுங்க! நானே டாக்ஸி எடுத்துட்டு வரேன், இருபது நிமிஷம். அங்கயே இருங்க, எங்கயும் போகாதீங்க." அவள் நிறுத்தினாள். கேட்கக் கூடாததைக் கேட்பவள்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "வந்து... இருட்டுல ஆள் மாறிடக் கூடாதில்ல... நீங்க என்ன கலர்ல உடுத்தியிருக்கீங்கம்மா?"

கசில்தா தன் உடுப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"இங்க வேற யாரும் இல்லம்மா," என்றாள். "நான் ஒருத்திதான்."