மேல்மாடி வாடகைக்கு விடப்படும்

நித்திலாவுக்கு மேல்மாடி காலி என்று கணக்கு வாத்தியார் அருளப்பன் பெற்றோர் கூட்டத்தில் சொன்னதும், அவளுடைய அம்மா பூங்கோதை வீடு திரும்பும் வழியிலேயே ஒரு டூலெட் போர்டு வாங்கிவிட்டாள். இருக்கிற இடத்தைச் சும்மா பூட்டிப் போட்டு வைப்பது அந்தத் தெருவில் யாருக்கும் வழக்கமில்லை. போர்டை நித்திலாவின் பின்கழுத்தில், இரண்டு சடைக்கும் நடுவில், நூல் கட்டித் தொங்கவிட்டாள். பத்தாம் வகுப்புப் பெண். வாரம் முழுக்க அதோடுதான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். கழுத்தில் என்னவோ உரசுகிறது என்று சனிக்கிழமைதான் சொன்னாள்.

குடிவைப்பதற்கு முன் டாக்டரைக் கேட்க வேண்டும் என்பது முறை. டாக்டர் ஜெசிந்தா நித்திலாவோடு நெடுநேரம் பேசினார். பேச்சின் நடுவில் நித்திலா ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் லாரியோடு கொஞ்ச தூரம் போய்விட்டு வந்தாள். டாக்டர் காத்திருந்தார்.

"இது ஏ.டி.எச்.டி.தாம்மா, கவனம் ஒரு எடத்துல நிக்காத கோளாறு. ஓடி ஆடிக் குதிக்கிற வகை இல்ல. உக்காந்த எடத்துலயே ஊர் சுத்துற வகை. அதான் இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படல" என்றார்.

ஜெசிந்தா மருந்து எழுதித் தருகிறவர் இல்லை. ஆட்களை நேரில் அனுப்பிவைப்பார். "மூணு பேர் வருவாங்க. பேசிப் பாருங்க. ஆனா எடம் அவளோடது. அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க."

அப்பா தனசேகருக்கு இதில் இஷ்டமில்லை. "குடி வெச்சுட்டா அப்புறம் கிளப்ப முடியாது பூங்கோதை. கோர்ட்டு கேஸுன்னு அலையணும்" என்றார். பூங்கோதை அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்குப் பொதுத்தேர்வுகூட அப்புறம்தான். அந்த வாரம் நித்திலா இன்னொரு தண்ணீர் பாட்டிலையும் தொலைத்துவிட்டு வந்து, "சார் சொன்னது சரிதாம்மா. மேல ஒண்ணுமே இல்ல எனக்கு" என்று சொல்லிவிட்டு, தோசைக்குச் சட்னி கேட்டிருந்தாள். அழுதிருந்தால்கூடப் பூங்கோதை தாங்கியிருப்பாள். பெண் அழவில்லை, நம்பிவிட்டாள். 

ஞாயிற்றுக்கிழமை மூன்று மாத்திரைகளும் வந்து சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலாமவர் வெள்ளை வெளேரென்று உருண்டையாக இருந்தார். இடுப்பில் பெல்ட் மாதிரி ஒரு கோடு. கால் தரையில் எட்டவில்லை.

"நான் வந்தவுடனே வேலையை ஆரம்பிச்சுடுவேன். மத்தியானத்துக்குள்ள கிளம்பிடுவேன். வேணும்னா சாயங்காலம் மறுபடி வருவேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னார்.

"நடுவுல?"

"நடுவுல மேல கொஞ்சம் இரைச்சலா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

இரண்டாமவர் மேலே நீலம், கீழே வெள்ளை என்று டிரெஸ் பண்ணியிருந்தார். "காலையில ஒரு தரம் வந்தா பொழுது சாயற வரைக்கும் இருப்பேன்மா. ஒரே ஒரு கண்டிஷன். மத்தியானம் கீழயிருந்து சமையல் வாசனை வரக் கூடாது. எனக்கு ஆகாது."

குடிவருகிறவரிடம் சைவமா அசைவமா என்று விசாரிப்பதோடு வீட்டுக்காரர்கள் விட்டுவிடுவார்கள். இவர் அடுப்பையே அணைக்கச் சொன்னார். மத்தியானம் பெண்ணுக்குப் பசிக்காவிட்டாலும், காலையில் நெய் விட்டுப் பொங்கல், ராத்திரி முழுச் சாப்பாடு என்று சமாளித்துக்கொள்ளலாம் எனப் பூங்கோதை மனசுக்குள் ஏற்பாடு செய்துகொண்டாள்.

மூன்றாமவர் கொட்டாவி விட்டார். "நான் சாமானெல்லாம் ஏத்தி எறக்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். ஆனா வந்துட்டேன்னா ராத்திரியும் இருப்பேன், பகல்லயும் இருப்பேன்." சொல்லி முடிப்பதற்குள் சோபாவில் சாய்ந்து தூங்கிவிட்டார். தனசேகர் அவருக்கு ஒரு தலையணை வைத்தார்.

"எடத்தைப் பாக்காம எப்படிப் பேசறது?" என்று நீலச்சட்டைக்காரர் எழுந்தார். நித்திலா வாயைத் திறந்தாள். ஒரு மடக்குத் தண்ணீரோடு அவர் மேலே போனார். வந்தவர்களுக்கு வைத்த டிபன் ஆறிப்போன பிறகு காது வழியாக இறங்கி வந்தார். சட்டை கசங்கியிருந்தது.

"எங்கம்மா காலியா இருக்கு? கால் வைக்க எடமில்ல. கரும்பு ஜூஸ் மெஷின் ஒண்ணு சலங்கையோட சுத்திக்கிட்டே இருக்கு. ஆயிரம் பாட்டு, எல்லாத்துலயும் முதல் ரெண்டு வரி மட்டும். சுவத்துல பல்லி, வாலை விட்டுட்டுப் போன பல்லி. இந்த ஊர் மேகம் பூராவும் அங்கதான் காயுது. பஸ் ஸ்டாப் ஆடு ஒண்ணு என்னை முட்ட வருது. எல்லாரும் ஒரே நேரத்துல பேசறாங்க."

"மஞ்சள் ஆடா?" என்று நித்திலா கேட்டாள்.

"பேனர் துணியைத் தின்னுக்கிட்டிருக்கு. அப்புறம் ஒருத்தர் சாக்பீஸும் கையுமா படியிலயே நிக்கிறார். ஆறாம் கிளாஸ்லேர்ந்து நிக்கிறாராம். உள்ள போகவே வழி கிடைக்கலயாம்."

"அவர் எங்க கணக்கு சார்" என்றாள் நித்திலா.

மேலே காலியில்லை என்று கேட்டதும் பூங்கோதை எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதாள், சந்தோஷத்தில்தான். அழுது முடித்துக் காபியோடு வந்தபோது பெண் விசாரணையை ஆரம்பித்திருந்தாள்.

"ஆட்டை வெளிய துரத்திடுவீங்களா?"

"துரத்தறது என் வேலை இல்ல பாப்பா. ஒவ்வொருத்தரா பேசச் சொல்லுவேன். அவ்வளவுதான்."

"காலி பண்ணச் சொன்னா?" என்றார் தனசேகர்.

"டாக்டர் சொன்ன அன்னிக்கே சாவியைக் குடுத்துடுவேன் சார்."

நித்திலா தலையாட்டினாள். போர்டைத் தானே கழற்றி எங்கேயோ கொண்டுபோய் வைத்தாள். அவள் வைத்த எந்தப் பொருளும் திரும்பிக் கிடைத்த சரித்திரமில்லை என்பதால், பூங்கோதை அதைத் தலைமுழுகிவிட்டாள்.

நீலச்சட்டைக்காரர் திங்கட்கிழமை குடிவந்தார். ஆள் நல்லவர்தான், உடம்புதான் பெரிது. முதல் வாரம் மேலே ஈ காக்காய் சத்தமில்லை. நித்திலா பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து, பாய் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுப்பாடம் எல்லாம் முடித்துவிட்டாள்.

"ஆடு என்னடி பண்ணுது?" என்று பூங்கோதை கேட்டாள்.

"மூலையில நிக்குது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது."

அதைக் கேட்ட பிறகு பூங்கோதைக்கு மார்க் நினைவே வரவில்லை. உடனே டாக்டருக்குப் போன் செய்தாள். "ஆள் சரி, அளவு சரியில்ல. அவரோட தம்பியை அனுப்பறேன்" என்றார் ஜெசிந்தா.

தம்பிக்கும் அதே நீலம், அதே வெள்ளை, அதே கண்டிஷன். உடம்பு மட்டும் பாதி. மேலே ஏறியதும் கரும்பு மெஷினை ஜன்னலோரம் நகர்த்தி, பாட்டுகளை மூன்றாவது வரிக்குப் போகச் சொல்லி, மேகங்களை மடித்து வைத்தார். ஆட்டை அவர் தொடவில்லை. அதுவாகவே ஒதுங்கி வழி விட்டது. அருளப்பன் சார் முதன்முதலாக உள்ளே போய் உட்கார்ந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, இருபடிச் சமன்பாட்டை ஆரம்பித்தார். நித்திலா கேட்டாள். நடுவில் ஒரு தரம் லாரியோடு போனாள், ஆனால் திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் யாரும் யோசித்திருக்கவில்லை. பகலெல்லாம் அடுப்பு அணைந்திருப்பதால், தம்பி கிளம்பியதும் மேலே இருக்கிற அத்தனை பேரும் பசியோடு இறங்கி வருவார்கள். பூங்கோதை பெரிய குண்டானை எடுத்தாள். கூடத்தில் இலை போட்டாள். கரும்பு மெஷின் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தது. பல்லிக்குச் சுவரிலேயே பரிமாறினார்கள். நித்திலா மத்தியானச் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஆடு. ஆட்டுக்கு அந்தப் பக்கம் அருளப்பன் சார்.

"மேல எடம் வசதியா இருக்கா சார்?" என்று பூங்கோதை ரசம் ஊற்றியபடி கேட்டாள்.

"நல்ல காத்தோட்டம். எவ்வளவு பெரிய எடம்மா! வெளியில நின்னு பாத்தா தெரியல" என்றார் அவர். ஆடு அவருடைய அப்பளத்தைத் தின்றுகொண்டிருந்தது.

நித்திலா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். பிறகு மோர் கேட்டாள்.

அப்போது போன் அடித்தது. சாருடைய மனைவி.

"நித்திலா அம்மாங்களா? சார் இன்னிக்கும் அங்கதான் சாப்பிடறாரா?"

"ஆமாங்க. இப்பதான் உக்காந்தார்."

"பரவால்ல, இருக்கட்டும். அவர் முழு நேரமும் அங்கயே இருக்கறதால, இங்க அவரோட மேல்மாடி காலியாத்தான் கிடக்கு. சும்மா ஏன் பூட்டிப் போடணும்? உங்ககிட்ட ஒரு போர்டு இருந்துச்சாமே?"

பூங்கோதை போனைப் பொத்திக்கொண்டு பெண்ணைப் பார்த்தாள். நித்திலா எழுந்து கையைக் கழுவினாள். நேராக அரிசி டிரம்முக்குப் பின்னால் போய், ஒரே எட்டில் போர்டை எடுத்துவந்தாள். நூல்கூட அப்படியே இருந்தது.

"கொஞ்சம் குனிங்க சார்" என்றாள்.