வேலிக்குப் பின்னால் தங்கிவிட்ட குளிர்

1

இந்தக் கதை ஓர் எண்ணில் தொடங்கியது: நூற்றுக்கு எண்பத்து மூன்று. மார்ச் முதல் வாரம், கிரெட்டா ஹால்டிமனின் சமையலறை மேசையில் திராட்சை மொட்டுகளைப் பிளேடால் குறுக்கே சீவி, உள்ளே பச்சை என்றால் உயிர், பழுப்பு என்றால் சாவு என்று எண்ணிக்கொடுத்தவள் நான்தான். எண்ணியதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அங்கே மூடிக்கொண்டுதான் இருந்தேன். இங்கே முடியவில்லை.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்:

"அந்தக் குளிர்காலத்திலும் ஏரி உறையவில்லை." (உண்மை. ஆனால் ஏரியைக் காட்டிவிட்டால் நீங்கள் அதையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.)

"கிரெட்டா நல்லவள், அதனால்தான்" (பாதியில் விட்டேன். முதல் வரியிலேயே நல்லவள் என்றால் யார் நம்புவார்கள்?)

"வேலிதான் கொன்றது." (கிரெட்டா படித்தால் இனி எனக்குக் காபி கிடையாது.)

காபி போனால் போகட்டும்.

2

வேலிதான் கொன்றது. கிரெட்டாவுக்கு மட்டும் அது இன்னும் தெரியாது. நியூயார்க் மாநிலத்தின் ஏரிச் சரிவொன்றில் அவளும் தம்பி வெண்டலும் பதினோரு ஏக்கரில் ரீஸ்லிங் திராட்சை வளர்க்கிறார்கள். களைக்கு மருந்து அடிப்பதில்லை, செம்மறிகள் மேய்ந்துவிடும். ஏழு வருடங்களுக்கு முன் சரிவின் அடியில், பறவைகளுக்கும் பூச்சிகளுக்குமாக, கிரெட்டா ஓர் உயிர்வேலி நட்டாள். அதைப் பார்த்துத்தான் விவசாயிகள் சங்கம் 'முன்மாதிரித் தோட்டம்' என்று பலகை கொடுத்தது. அந்தப் பலகை வேலியின் நடுவில் தொங்குகிறது. வருகிற சனிக்கிழமை முப்பது பேர் இந்த வேலியைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

நான் எண்ணி எழுதிய தாளை வெண்டல் கையில் எடுத்தான்.

"மேல் வரிசையில நூத்துக்கு இருபது மொட்டு செத்திருக்கு. கீழ ஆறு வரிசையில எண்பத்து மூணு. அக்கா, உன் வேலி எதையும் வெளிய விடறதில்ல போல, குளிரையும் சேர்த்து."*

"போடா. கீழ எப்பவுமே குளிர் ஜாஸ்திதான்."

"வேலி வைக்கறதுக்கு முன்னாடி மேலயும் கீழயும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு?"

"இந்த வருஷக் குளிர் அப்படி."

"மேல இருக்கற கொடிக்கு மட்டும் யாரு கம்பளி போர்த்திவிட்டா?"

கிரெட்டா தாளைப் பிடுங்கி மடித்து ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தாள்.

* அவர்கள் ஊரில் அக்கா என்று கூப்பிடும் வழக்கம் இல்லை. வெண்டல் சொன்னது 'கிரெட்டா'. சொன்ன விதத்தில் முழு அக்கா இருந்தாள்.

3

முதல் வரைவில் அவளைப் பிடிவாதக்காரியாக எழுதியிருந்தேன். அது கதைக்கு வசதி. ஆனால் மறுநாள் மாலை, காற்றே இல்லாத நேரம் பார்த்து, ஈர வைக்கோலைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனவள் அவள்தான். பிடிவாதக்காரி என்பதை அடித்துவிட்டேன்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கி ஏரிக்குப் போய்விடும். அதை நம்பித்தான் அங்கே எல்லாரும் சரிவில் கொடி வைக்கிறார்கள். கிரெட்டாவுக்கும் அது தெரியும். நட்டபோது கன்றுகள் முழங்கால் உயரம். குளிர் அவற்றைத் தாண்டிப் போனது. செடி என்றால் வளரும் என்பதைத்தான், முப்பது வருடம் செடி வளர்த்தவள், மறந்துபோனாள்.

குளிர் போகிற வழியைப் புகை காட்டும் என்று வைக்கோலைக் கொளுத்தினாள். புகை வரிசைகளுக்கு நடுவே இறங்கியது. வேலியைத் தொட்டது. நின்றது. பிறகு மெல்ல அங்கேயே தேங்கி, கீழே நின்ற வெண்டலின் இடுப்புவரை ஏறியது.

"உன் விருந்தாளி கிளம்பற மாதிரி தெரியலையே," என்று வெண்டல் கத்தினான்.

கிரெட்டா இறங்கி வந்தாள். சிரிக்கவில்லை. "எவ்வளவு வெட்டணும்?"

"நடுவுல முப்பது அடி. மத்ததுல கீழ்க்கிளைய மட்டும் கழிச்சா போதும்."

"நடுவுலன்னா... பலகை இருக்கற இடமா?"

"பள்ளம் அங்கதானே இருக்கு."

(இந்த இடத்தில் ஒரு குருவிக் கூட்டையும் மூன்று முட்டைகளையும் வைத்தேன். கண்ணீர் வந்திருக்கும். அந்தச் சரிவில் மார்ச்சில் முட்டை ஏது? எடுத்துவிட்டேன்.)

"சனிக்கிழமை போகட்டும். அப்புறம் வெட்டலாம்," என்றாள்.

"வர்றவங்ககிட்ட சொல்லிடு."

"வெட்டினதுக்கு அப்புறம் சொல்றேன்."

"சரி. சாப்பாடு முடிஞ்சப்புறம் உப்பு போடற கதை."

4

சனிக்கிழமை முப்பது பேரும் வந்தார்கள். வேலியைப் படம் எடுத்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் லோதர் ப்ரைன் நின்றார். பக்கத்துச் சரிவுக்காரர், ஏழு வருடமாக இந்த வேலியை 'கிரெட்டாவின் பறவை ஹோட்டல்' என்று கேலி செய்தவர். அன்று தொப்பியைக் கழற்றினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நான் தோத்துட்டேன். கிரெட்டா, என் அடிவாரத்துலயும் இருநூறு கன்னு வைக்கப் போறேன். திங்கக்கிழமை லாரி வருது. சந்து விடாம நெருக்கமா நடணும், அப்படித்தானே?"

யாரோ கை தட்டினார்கள். வெண்டல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழு வருடம் காத்திருந்த வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: "நடாத லோதர்," என்கிறாள். எண்பத்து மூன்றையும் சொல்கிறாள். லோதருக்கு இன்னும் ஏழு வருடத்துக்குச் சிரிப்பு. சங்கம் பலகையைத் திருப்பிக் கேட்கிறது. (ரொம்ப நல்ல பெண். எனக்கே சந்தேகம்.)

இரண்டு: "ஆமா, நெருக்கமா," என்கிறாள். செவ்வாய்க்கிழமை சத்தமில்லாமல் தன் வேலியை வெட்டிவிட்டு, மான் மேய்ந்துவிட்டது என்கிறாள். (முப்பது அடிக்கு மேய்ந்த மானை நான் பார்த்ததில்லை. லோதரும் பார்த்திருக்க மாட்டார்.)

உண்மையில் நடந்ததும் எனக்குத் தெரியும். மூன்றாம் வரிசை ஓரமாக நானும் நின்றிருந்தேன். அதை எழுதினால் அவளை எடை போடுவீர்கள். எழுதாவிட்டால்...

வேண்டாம். உங்களிடமே விடுகிறேன். கிரெட்டா வாயைத் திறந்துவிட்டாள். ஏரிக்காற்றில் பல் கூசுகிறது. லோதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வழுக்கைத் தலையோடு நிற்கிறார். சீக்கிரம் சொல்லிக்கொடுங்கள், அவள் என்ன சொல்லட்டும்?