வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும்

"அந்தத் தட்ட கீழ வைம்மா. நல்ல நாளும் அதுவுமா நீ இன்னாத்துக்கு அத்தத் தொட்டுகினு கீறே?"

பஞ்சவர்ணத்தின் குரல் அந்தக் கொரட்டூர் ஃபிளாட்டின் கூடத்தையே ஒரு நொடி நிறுத்திவிட்டது. மருமகள் ஸ்வாதியின் கையிலிருந்த வளையல் தட்டை அவளே வந்து பிடுங்கிக்கொண்டாள். "புள்ள பெத்தவங்க கைதான் படணும். படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா?"

மணையில் உட்கார்ந்திருந்த மகள் பவ்யாவுக்கு ஏழு மாதம். "அம்மா, அண்ணிதான் மொதல்ல போடணும்னு நான்தான் சொன்னேன்," என்றாள். பஞ்சவர்ணம் முறைத்த முறைப்பில் அவளும் அடங்கிப்போனாள். ஸ்வாதியின் கணவன் கிருபாகரன் வாசலில் செருப்புகளை அடுக்கப் போய்விட்டான். இந்த மாதிரி நேரங்களில் அவனுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

ஸ்வாதி சமையலறைக்குப் போனாள். அழவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் எத்தனையோ வளைகாப்பு, எத்தனையோ பெயர் சூட்டல். எல்லாவற்றிலும் அவளுக்கு அடுப்படிதான். முதல் இரண்டு வருடம் வலித்தது. அப்புறம் பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி மரத்துப்போனது. பாக்குமட்டைத் தட்டுகளில் புளிசாதத்தையும் எலுமிச்சை சாதத்தையும் அளவாக வைத்தாள். நாத்தனாருக்கென்று பார்த்துப் பார்த்து வாங்கிய இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள் மட்டும் அவள் கைப்பையிலேயே கிடந்தன.

போன் சிணுங்கியது. அவளுடைய ஆய்வுக் கட்டுரையை எந்த நாட்டிலோ ஒருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருப்பதாக மின்னஞ்சல். ஆயிரத்து இருநூற்றுப் பதின்மூன்றாவது முறை. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வெளியிலிருந்து வரும் சத்தத்தை எப்படிப் பதிந்துகொள்கிறது என்பது அவள் ஆராய்ச்சி. பிறந்து இரண்டே நாளான சிசுக்களின் தலையில் மெல்லிய கருவிகளைப் பொருத்தி, கருவில் கேட்ட குரல் அவற்றுக்குப் பழகியிருக்கிறதா என்று பார்த்து, நான்கு வருடம் உழைத்து எழுதியது. உலகத்தில் யார் இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். சொந்த வீட்டுக் கூடத்தில் அவள் கை ஆகாது. எண்ணிக்கையில் ஒன்று கூடியதைப் பார்த்துவிட்டு அப்பளக் கூடையை எடுத்தாள்.

கூடத்தில் வளையல் சத்தத்துக்கு நடுவே ஷர்மிளாவின் குரல் கேட்டது. பவ்யாவுக்குக் கர்ப்பகால உடற்பயிற்சி சொல்லித்தருகிறவள்.

"வளையல் போடுறது சும்மா இல்லீங்க. இப்பவே கொழந்தைக்குக் காது கேக்கும்னு ஆராய்ச்சி பண்ணியே சொல்லியிருக்காங்க. எங்களுக்குப் பயிற்சியில அந்தக் கட்டுரையப் படிக்கச் சொன்னாங்க. ஸ்வாதி கிருபாகரன்னு ஒருத்தங்க எழுதினது."

பஞ்சவர்ணத்துக்கு வாயெல்லாம் பல். "அய்ய, அது எங்க மருமவதாம்மா! ஸ்வாதி, இங்க வா. வந்து நாலு வார்த்த சொல்லு."

ஸ்வாதி வந்தாள். கூடத்துக்குள் கால் வைக்குமுன் மாமியாரின் உள்ளங்கை உயர்ந்தது. "அங்கயே, வாசப்படியாண்டயே நின்னு சொல்லு. போதும்."

ஆக, பெயர் உள்ளே வரலாம். ஆள் வரக்கூடாது.

அவள் சமையலறை வாசற்படியில் நின்றபடியே, வகுப்பெடுக்கும் அதே தட்டையான குரலில் சொன்னாள். "குழந்தைக்கு வார்த்தை புரியாது. குரல் பதியும். அம்மாவோட குரல்தான் முக்கியம். அடுத்தது, பக்கத்துல அடிக்கடி கேக்குற குரல். கொஞ்சுறோமா, அதட்டுறோமாங்கிற ஏத்த இறக்கம் அதுக்குப் பழகிடும்." கொஞ்சம் நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் முன்னாடி என் கையிலேர்ந்து தட்டைப் புடுங்கினப்போ நீங்க பேசினதும் கேட்டிருக்கும், அத்தை."

பவ்யா மணையில் கையூன்றி மெதுவாக எழுந்தாள். வளையல்கள் குலுங்க வாசற்படிக்கு வந்து, கையை நீட்டினாள்.

"போடுங்க அண்ணி."

ஸ்வாதி அவளை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய், கைப்பையிலிருந்து பச்சை வளையல்களை எடுத்துவந்தாள்.

பஞ்சவர்ணம் தடுக்க வாயைத் திறந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மருமகளுக்காக அல்ல, பேரப்பிள்ளைக்குக் கேட்டுவிடுமே என்றுதான்.